எத்தனை கட்டை?

வாசகர் கேள்வி – பதில். இந்த மாதம் பதில் சொல்பவர் யாழ்ப்பாணத்து அளவெட்டியைச் சேர்ந்த ஆர்மோனியக் கலைஞர். இசை நாடக மேடைகளில் ஐம்பது வருடம் பெட்டி வாசித்தவர்.

கேள்வி: இசைக்கு மொழி இல்லை, இனம் இல்லை என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். நீங்கள் அப்படிக் கண்டிருக்கிறீர்களா? (வாசகி, சுன்னாகம்)

மேடைக்குக் கீழே இருப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும், பிள்ளை. மேலே இருப்பவன் பாடு வேறு.

2013இல் தெற்கிலிருந்து ஒரு நாடகக் குழு யாழ்ப்பாணம் வந்தது. அவர்களும் நாங்களும் சேர்ந்து அரை மணி நேரம் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஏற்பாடு. எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தவர் அம்பலாங்கொடைப் பக்கத்து மத்தளக்காரர், என் வயதுதான். அவருக்குத் தமிழ் தெரியாது. என்னுடைய சிங்களம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் அளவுக்குத்தான். மொழிபெயர்க்க விட்ட பெடியன் தேத்தண்ணி குடிக்கப் போனவன், திரும்பி வரவில்லை.

முதல் ஒரு மணி நேரம் நாசம். நான் ஐந்து கட்டையில் சுருதி பிடித்தேன். அவர்களுடைய பாடகிக்கு அது உயரம், எட்டவில்லை. இறக்கினால் ராஜா வேஷம் கட்டும் எங்கள் ராஜபார்ட்டுக்குத் தொண்டை திறக்காது. இழுபறிப்பட்டு நாலில் நின்றோம். அதன் பிறகு தாளம். நான் கையில் எண்ணுகிறேன், அவர் என் கையைத் திரும்பியும் பார்க்கவில்லை. பாடுகிறவரின் மூச்சைப் பார்த்தே அடிக்கிறார். மூன்று தரம் தொடங்கி மூன்று தரமும் நின்றோம்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சின்னப் பிள்ளைக்குப் பாடம் எடுப்பதுபோல வாயால் சொன்னேன்: தத் தித் தொம் நம். மிருதங்க வகுப்பில் முதல் நாள் சொல்லித்தரும் சொற்கள். மனிதர் நிமிர்ந்து பார்த்தார். மத்தளத்தில் நாலு அடி அடித்துவிட்டுச் சொன்னார்: தத் ஜித் தொங் நங். சிங்கள மேளக்காரரின் முதல் பாடமும் அதுதான். அப்புறம் வேலை ஓடியது. நான் ‘சரி’ என்பேன், அவர் ‘ஹரி’ என்பார். இரண்டுக்கும் ஒரே அர்த்தம்.

ஆகவே இசைக்கு மொழி உண்டு. அதை உட்கார்ந்து படிக்கவும் வேண்டும். எங்களுக்குப் பாதிப் பாடம் முன்கூட்டியே முடிந்திருந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் உயிர் நண்பர்களாகிவிட்டோம் என்று எழுதினால் பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் இரண்டு தரம் போன் எடுத்தார். மத்தளமும் பெட்டியும் இல்லாமல் என்னத்தைக் கதைப்பது? அவர் ஹரி ஹரி என்றார், நான் சரி சரி என்றேன். வைத்துவிட்டோம்.

கேள்வி: ஆர்மோனியம் வெள்ளைக்காரனின் வாத்தியம். அதை நம் இசை என்று எப்படிச் சொல்வது? (வாசகர், கோப்பாய்)

ஓம், பிறந்தது பாரிஸில். 1842இல் டெபேன் என்பவர் காப்புரிமை எடுத்தார். அது நாற்காலியில் இருந்து காலால் மிதித்து வாசிக்கும் பெட்டி. கல்கத்தாவில்தான் அதைத் தரையில் வைத்து ஒரு கையால் துருத்தி அடிக்கும் பெட்டியாகச் சுருக்கினார்கள். பம்பாயின் பார்சி நாடகக் கம்பனிகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போயின, கொழும்புக்கும் வந்தன. அவர்கள் விட்டுப்போன மெட்டுகளை எங்கள் இசை நாடகக்காரரும் எடுத்தார்கள், நூர்த்தி என்ற மேடைப் பாட்டு நாடகம் போட்ட சிங்களவரும் எடுத்தார்கள். எங்கள் இசை நாடக நடிகர் நடிகமணி வைரமுத்து, அரிச்சந்திரன் கதையின் மயான காண்டம் ஆடியபோது முன்வரிசை மணலில் இருந்து அழுதவன் நான். அந்த அழுகையில் பம்பாய்க்கும் பங்கு உண்டு என்று அப்போது யார் நினைத்தது?

உங்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. பெட்டியில் கமகம் வராது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக முடியாது, படி ஏறத்தான் வேண்டும். அகில இந்திய வானொலி 1940இலிருந்து 1971 வரை அதை உள்ளேயே விடவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். சங்கீத வித்துவான் எவரையும் ‘என்ன சுருதி?’ என்று கேளுங்கள். ‘ஒரு கட்டை’, ‘ஐந்தரைக் கட்டை’ என்பார். அந்தக் கட்டை எங்கிருந்து வந்தது? பெட்டியின் கட்டைதான். முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, ஐந்தாவது ஐந்து. பெட்டியே வேண்டாம் என்பவரும் தன் குரலைப் பெட்டியால்தான் அளக்கிறார்.

கேள்வி: நம் கூத்தைச் சிங்களவர் எடுத்துக்கொண்டார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். மெய்யா? (வாசகர், ரொறன்ரோ)

‘எடுத்துக்கொண்டார்கள்’ என்றால் களவுபோல இருக்கிறது. கடன் என்று சொல்லுங்கள், அதுவும் திரும்பி வந்த கடன். மேற்குக் கரையோரத்துத் தமிழ்க் கத்தோலிக்கக் கூத்திலிருந்துதான் சிங்களத்தில் ‘நாடகம’ என்ற பாட்டு நாடகம் வளர்ந்தது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். நம் மத்தளம் அங்கே ‘மத்தளய’ ஆயிற்று, விருத்தம், இன்னிசை என்ற பாட்டு வகைகளும் கூடவே போயின. பிறகு அது தேய்ந்து, கிராமத்துக் கிழவர்களிடம் மட்டும் எஞ்சிக் கிடந்தது. சிங்கள நாடகாசிரியர் பேராசிரியர் சரச்சந்திர அந்தக் கிழவர்களில் ஒரு குருவைத் தேடிப் பிடித்து, 1956இல் ‘மனமே’ நாடகத்தைப் போட்டார். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற தனிச் சிங்களச் சட்டம் வந்ததும் அதே 1956இல்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அவரோடு வேலை பார்த்தவர் நம் தெல்லிப்பழைப் பேராசிரியர் வித்தியானந்தன். இப்படி நாமும் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. கூத்துப் பழக்கும் மட்டக்களப்பு அண்ணாவிமாரிடம் போய், விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, அதன் பிறகு ‘இராவணேசன்’. தமிழ்க் கூத்து சிங்களத்துக்குப் போய், சிங்களத்தில் மெருகேறி, அதைப் பார்த்துத் தமிழ்க் கூத்து மறுபடி எழும்பியது. இதில் யார் யாருக்குக் கடன் என்று கணக்குப் பார்க்க நான் தயாரில்லை.

கூத்துக்காரர்களுக்கும் எங்களுக்கும் ஆகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இசை நாடகத்தைப் ‘பார்சிக் குப்பை’ என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்கள் இருக்கிறார்கள். அம்பலாங்கொடைக்காரர் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் எனக்கு விளங்கியிருக்காது.

கேள்வி: பைலாவை இசை என்று ஒத்துக்கொள்வீர்களா? (வாசகர், பருத்தித்துறை)

சிங்களக் கொண்டாட்டங்களில் பாடி ஆடும் பாட்டு அது. பைலா என்ற போர்த்துக்கேயச் சொல்லுக்கு ஆடுவது என்று அர்த்தம். தாளம் மூன்று மூன்றாக எண்ணும் நம் திஸ்ர நடைதான்: தகிட தகிட. சிலோன் மனோகரின் ‘சுராங்கனி’யைக் கலியாண வீட்டில் போட்டுப் பாருங்கள். வாழ்நாளில் சிங்களத்தில் ஒரு சொல் பேசாத மாமா, மீன் கொண்டுவந்தாயிற்று என்று சிங்களத்தில் கூவிக்கொண்டு ஆடுவார். ஒத்துக்கொள்ளாமல் என்ன செய்வது?

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. ஆர்மோனியம் வாங்குவதா, கீபோட் வாங்குவதா? (ஒரு தாய், மானிப்பாய்)

கையில் காசு இருப்பதைப் பொறுத்து எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், அம்மா. கீபோட் என்றால் சுருதி மாற்றும் பொத்தானுக்கு மேல் ஒரு துண்டு பிளாஸ்டர் ஒட்டிவிடுங்கள். அதை அமத்தப் பழகிய பிள்ளை எந்தக் கட்டையிலும் ஒரே விரலில்தான் வாசிக்கும். ஐந்தில் பாடுகிறவன் திடீரென்று நாலுக்கு இறங்கினால் முழிக்கும்.

பழைய பெட்டி தேடுவதென்றால் என்னுடையதைக் கேட்காதீர்கள். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் சைக்கிள் கரியரில் கட்டி, மழையில் நாவற்குழிப் பாலம் தாண்டிய பெட்டி அது. மூன்றாம் கட்டை இன்னும் கொஞ்சம் அழும். மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு சனிக்கிழமை வாருங்கள், அமத்திப் பார்க்கட்டும்.