பொழிப்புரை போதாது: மகளின் முதல் கட்டுரை பற்றி ஒரு தாய்க்கு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தையும், கூடவே அனுப்பியிருந்த மகளின் கட்டுரையையும் இரண்டு முறை படித்தேன். பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யில் ஆங்கில இலக்கியத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள், பல்கலைக்கழகத்தில் ஒரு நாவலைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் 20-க்கு 8 வாங்கியிருக்கிறாள். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி: "கதையைத்தான் சொல்லியிருக்கிறாய்." அவள் அன்று இரவு சாப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போதே கணக்கியலுக்கு மாற்றிவிடலாமா என்றும் கேட்கிறீர்கள்.

வேண்டாம். ஒரு கட்டுரையை வைத்து அந்த முடிவை எடுக்காதீர்கள். அவளுக்கு இலக்கியம் வரவில்லை என்பதற்கு இந்தப் பக்கங்களில் எனக்கு ஒரு சான்றும் கிடைக்கவில்லை. பழைய பழக்கம் ஒன்று புதிய இடத்தில் செல்லுபடியாகவில்லை, அவ்வளவுதான்.

நம் மொரீஷியஸ் தீவில் பிள்ளைகள் எச்.எஸ்.சி.க்கு எப்படித் தயாராகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளி விட்டதும் டியூஷன். அங்கே ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் ஒரு குறிப்பு, ஒவ்வொரு கருப்பொருளுக்கும் ஒரு மாதிரிக் கட்டுரை. கேம்பிரிட்ஜ் வினாத்தாளில் எந்தக் கேள்வி வந்தாலும் அந்தக் குறிப்பைக் கொஞ்சம் வளைத்து எழுதிவிடுவார்கள். விரிவுரையாளரிடம் அது எடுபடாது. நாவலின் கதை அவருக்கு மனப்பாடம். உங்கள் மகள் அதில் எதைக் கண்டாள் என்பதுதான் அவருக்குத் தெரியாது. அதற்காகத்தான் கட்டுரையே கேட்கிறார்.

மொரீஷியஸ் பிள்ளைகளுக்கே உரிய இன்னொரு குழப்பமும் இதில் இருக்கிறது. பிரெஞ்சு வகுப்பில் 'திசெர்த்தாசியோன்' எழுதப் பழகுகிறார்கள்: முதலில் ஒரு கருத்து, அடுத்து அதற்கு மறுப்பு, பிறகு இரண்டையும் கடந்து ஒரு முடிவு. அருமையான பயிற்சி, நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஆங்கிலத் துறையில் பொதுவாக வாதத்தை முதல் பத்தியிலேயே எதிர்பார்க்கிறார்கள். உங்கள் மகளின் கட்டுரையில் அவளுடைய சொந்தக் கருத்து கடைசிப் பக்கத்தின் கடைசி வாக்கியத்தில்தான் தலைகாட்டுகிறது. நல்ல கருத்து அது! அதை எடுத்து முதல் பத்தியில் வைத்து, மற்ற எல்லாவற்றையும் அதற்குச் சான்றாகத் திரும்ப எழுதியிருந்தால் மதிப்பெண் வேறாக இருந்திருக்கும்.

நீங்கள் பள்ளியில் தமிழ் கற்பிப்பவர். ஆகவே இதை உங்களுக்கு நம் உரை மரபை வைத்தே சொல்கிறேன். சொல்லுக்குச் சொல் பொருள் தருவது பதவுரை. செய்யுளின் கருத்தைத் திரட்டிச் சொல்வது பொழிப்புரை. இந்தச் சொல் ஏன் இங்கே வந்தது, வேறு சொல் ஏன் வரவில்லை என்று பரிமேலழகர் போன்றவர்கள் நின்று கேட்கும் இடம் ஒன்று உண்டே, அது விளக்கம். உங்கள் மகள் எழுதியது பொழிப்புரை. கேட்டது விளக்கம்.

வீட்டிலேயே ஒரு மாலை உட்கார்ந்து செய்து பார்க்கலாம். குறுந்தொகையின் மூன்றாம் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், தேவகுலத்தார் பாடியது:

நிலத்தினும் பெரிதே வானினும் உயர்ந்தன்று
நீரினும் ஆரள வின்றே சாரல்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தேன் இழைக்கும் நாடனொடு நட்பே.

"தலைவி தன் காதல் நிலத்தைவிடப் பெரியது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழமானது என்கிறாள். புலவர் ஒப்புமைகளை அழகாகக் கையாள்கிறார்." மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் எழுதுகிறார்கள். இதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் பாட்டைப் படித்த எவருக்கும் இது முன்பே தெரியும்.

இப்போது மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நிலம், வான், நீர் என்று எல்லையில்லாத மூன்றைச் சொன்னவள், அடுத்த நொடியே ஏன் ஒரு மலைச்சரிவுக்கு, ஒரு செடிக்கு, தேனுக்கு இறங்கி வருகிறாள்? அவளை அவசரப்படுத்தாதீர்கள். பூவின் நிறத்தைச் சொல்லாமல் கருங்கோல் என்று தண்டின் நிறத்தைச் சொன்னது அவள் கண்ணில் படலாம். 'நட்பே' என்ற சொல் கடைசியில் வருவதால், எது பெரிது என்று தெரியாமலேயே நாம் மூன்று அளவுகளையும் கடந்து வருகிறோம் என்பதையும் அவள் கவனிக்கலாம். தேன் ஒரே நாளில் சேர்வதில்லை, பூப்பூவாகச் சென்று இழைப்பது என்பது புரிந்தால், அவளுக்கு ஒரு வாதம் கிடைத்துவிடும்: "முதல் பாதி காதலின் அளவைச் சொல்கிறது, அந்த அளவு எப்படி உண்டானது என்பதைப் பின்பாதி சொல்கிறது." இதை ஒருவர் மறுக்கலாம். மறுக்க இடம் இருந்தால்தான் அது வாதம்.

அதோடு நிறுத்திவிடாமல் பாட்டின் துறைக் குறிப்பையும், அதாவது யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் குறிப்பையும், பார்க்கச் சொல்லுங்கள். தலைவன் வேலிப்புறத்தில் கேட்டுக்கொண்டு நிற்கிறான். தோழி அவனைப் பழித்திருக்கிறாள். அதற்கு மறுமொழியாகத் தலைவி இதைச் சொல்கிறாள். அப்படியானால் இது உறுதியா, அல்லது அவன் காதில் விழட்டும் என்று விடுக்கும் வேண்டுகோளா? இந்த ஐயத்தை ஒளிக்காமல் ஒரு பத்தி எழுதுபவளின் கட்டுரை தனியாகத் தெரியும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூக்கும் என்ற செய்தியை மட்டும் ஆசைப்பட்டுத் திணிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தச் செய்தி வாதத்துக்கு உதவினால் வரட்டும், இல்லாவிட்டால் அது இடத்தை அடைக்கும்.

நாவலுக்கும் இதே வழிதான். 300 பக்கங்களையும் சுமக்காமல் இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, மேற்கோளை ஒரு வரிக்குள் அடக்கி, அதில் உள்ள ஒரு சொல்லைப் பிடித்துப் பேச வேண்டும். மேற்கோளுக்குப் பிறகு குறைந்தது மூன்று வாக்கியங்கள் அவளுடையவையாக இருக்கட்டும். இணையத்தில் கிடைக்கும் சுருக்கங்களைப் படிக்கும் முன் தன் கேள்வியை அவள் எழுதி வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிறர் கேள்வி அவள் தலையில் ஏறிவிடும். பிறர் வாக்கியத்தை எடுத்தால் பக்க எண்ணோடு குறிக்க வேண்டும், இதில் சலுகையே கிடையாது.

வேலையைப் பற்றிய உங்கள் அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எபேன் வணிக நகரின் அலுவலகங்களில் கணக்குப் படித்தவர்களுக்கு இடம் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அங்கேயும் ஓர் ஒப்பந்தத்தைப் படித்து, அதில் எந்தச் சொல் ஆபத்து என்று எழுத்தில் விளக்கத் தெரிந்தவர் தேவைப்படுகிறார். ஆசிரியப் பணி, செய்தித்தாள், வானொலி, மொழிபெயர்ப்பு, பிறகு படிக்கக்கூடிய சட்டம் எல்லாவற்றுக்கும் இந்தப் பயிற்சியே அடித்தளம். ஆங்கிலம், பிரெஞ்சு, கிரியோல், தமிழ் என்று நான்கு மொழிகள் காதில் விழ வளர்ந்த பெண் அவள். சொல்லுக்குச் சொல் உள்ள நுண்ணிய வேறுபாடு அவளுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

இந்த வாரம் அவள் விரிவுரையாளரைப் போய்ப் பார்க்கட்டும். மதிப்பெண்ணைப் பற்றிப் பேச வேண்டாம், ஒரு பத்தியைக் காட்டி, "இதில் எந்த இடத்தில் நான் கதை சொல்லத் தொடங்கினேன்?" என்று மட்டும் கேட்கட்டும். வீட்டுக்கு வந்து அந்த ஒரு பத்தியைத் திருத்தி எழுதட்டும். பழையதையும் புதியதையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். பாடம் மாற்றும் பேச்சை இரண்டாம் கட்டுரை திரும்பி வந்த பிறகு, அவளையும் உட்காரவைத்துப் பேசுவோம்.