தகவலியலா, டிஜிட்டல் ஆய்வுமுறைகளா? ஆம்ஸ்டர்டாமுக்கு விண்ணப்பிக்கும் முன்

கேள்வி: இதழியலில் மூன்றாண்டு இளங்கலை முடித்திருக்கிறேன். யூடியூபில் மருத்துவ வதந்திகள் பரவும் விதத்தை ஆராய விருப்பம். நிரல் எழுதத் தெரியாது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் இன்ஃபர்மேஷன் ஸ்டடீஸ் முதுகலைக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில்: உங்கள் ஆய்வு விருப்பத்துக்கு அந்தப் படிப்பு பொருந்தாது. அது அறிவியல் புலத்தைச் சேர்ந்தது. நிரலாக்கமும் புள்ளியியலும் ஓரளவு கற்று வருபவர்களுக்கானது. பெயரில் அதையொட்டியிருக்கும் ஆவணக்காப்பகத் தகவலியல், ஆவணங்களைப் பேணுவது பற்றியது. நீங்கள் பார்க்க வேண்டியது மனிதவியல் புலத்தின் ஊடகவியல் பிரிவில் உள்ள நியூ மீடியா அண்ட் டிஜிட்டல் கல்ச்சர் என்ற ஓராண்டு முதுகலை. 2007-இல் ரிச்சர்ட் ரோஜர்ஸ் தொடங்கிய டிஜிட்டல் மெத்தட்ஸ் இனிஷியேட்டிவ் ஆய்வுக்குழுவும் இந்தப் பிரிவைச் சார்ந்ததே.

கருத்துக்கணிப்பு போன்ற பழைய முறைகளை இணையத்துக்குக் கொண்டுபோவதை இக்குழு டிஜிட்டல் ஆய்வுமுறை என்று கருதுவதில்லை. மீயிணைப்பு (ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்லும் ஹைப்பர்லிங்க்), தேடல் முடிவுகளின் வரிசை, ஹேஷ்டேக், பரிந்துரை என இணையத்திலேயே பிறந்தவற்றைக் கொண்டு சமூகத்தைப் படிப்பதுதான் அதன் அடிப்படை. இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. ஒரு நோயின் பெயரைத் தேடும்போது வதந்திக் காணொளி முதலிடத்தில் வந்தால், அது மக்களின் ஆர்வத்தைக் காட்டுகிறதா, யூடியூபின் தரவரிசை முறையைக் காட்டுகிறதா? சொந்தத் தேடல் வரலாறு கலக்காத உலாவியில், ஒரே சொல்லை நாள்தோறும் ஒரே நேரத்தில் தேடி, முதல் இருபது முடிவுகளைச் சில வாரங்கள் பதிந்து வந்தால் இந்தச் சிக்கல் உங்களுக்கே விளங்கும். அந்தப் பதிவேட்டை, விண்ணப்பத்துடன் தரும் நோக்க அறிக்கையில் இரண்டு பத்திகளில் விவரியுங்கள். பொதுவான ஆர்வ அறிவிப்பைவிட அது வலுவாக நிற்கும் என்பது என் கருத்து.

தரவு கிடைப்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். பயனர்களின் தரவு அவர்கள் அனுமதியின்றி எடுக்கப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்துக்குப் பின், 2018-இல் ஃபேஸ்புக் வெளியாருக்குத் தரவு தரும் கதவைக் குறுக்கியது. ஆய்வாளர்கள் ட்விட்டர் தரவை இலவசமாகப் பெற்றுவந்த வாயில் 2023-இலும், ஃபேஸ்புக் பதிவுகளின் பரவலைக் கண்காணிக்க உதவிய கிரவுட்டாங்கிள் கருவி 2024 ஆகஸ்டிலும் மூடப்பட்டன. யூடியூபும், ஒரு காணொளிக்குத் தொடர்புடைய காணொளிகளை ஏபிஐ (நிரல்கள் தளத்திடமிருந்து தரவு பெறும் வழி) மூலமாகக் கேட்டுப் பெறும் வசதியை 2023 ஆகஸ்டில் நீக்கிவிட்டது. ஆகவே எந்தக் காணொளி எதைப் பரிந்துரைக்கிறது என்ற பரிந்துரை வலைப்பின்னலை மட்டும் நம்பித் திட்டம் தீட்ட வேண்டாம். தேடல் முடிவுகளும் கருத்துரைகளும் இன்னும் எடுக்கத்தக்கவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், 40-ஆம் பிரிவின் கீழ் ஆய்வாளர்களுக்குத் தரவு அணுக்கம் தருகிறது என்றாலும், முதுகலை மாணவர் தனியாக அதைப் பெறுவது எளிதாக இராது.

நிரல் தெரியாதது பெருந்தடையன்று. சமூக ஊடகத் தரவைத் திரட்டிப் பகுப்பாய்வு செய்ய உதவும், டிஜிட்டல் மெத்தட்ஸ் குழுவின் 4கேட் கருவியைப் பெரும்பாலும் சொடுக்கியே இயக்கலாம். அட்டவணைகளைத் துப்புரவு செய்யும் அளவுக்குப் பைதான் நிரல்மொழி கற்றால் போதும்.

உண்மையான தடை உங்கள் மூன்றாண்டுப் பட்டமாக இருக்கக்கூடும். நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்கள் அதை எப்போதும் தங்கள் இளங்கலைக்கு இணையாக ஏற்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் செலுத்துவதற்கு முன் மதிப்பெண் பட்டியலுடன் சேர்க்கைப் பிரிவுக்கு எழுதித் தகுதியைக் கேளுங்கள். பாடச்சுமையும் குறைவன்று: 60 கிரெடிட், ஒவ்வொன்றுக்கும் 28 மணி நேரம் என ஆண்டுக்கு 1,680 மணி நேர உழைப்பு. தயக்கம் இருந்தால், இதே குழு நடத்தும் கோடைப் பள்ளிக்கு முதலில் விண்ணப்பித்துப் பார்க்கலாம்.