பழைய 22 மணி நேரம் செல்லுமா?

அன்புள்ள ஐயா,

2018-இல் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டும் தகுதி) பயிற்சியைத் தொடங்கி எழுத்துத் தேர்வும் முடித்தேன். 22 மணி நேரம் ஆனபோது மகள் பிறந்தாள், அதோடு நின்றுபோனது. இப்போது அவள் பள்ளிக்குப் போகிறாள், எனக்கு மறுபடி ஆசை வந்துவிட்டது. பழைய மணிக்கணக்கு செல்லுமா, இல்லை முதலிலிருந்தா?

— ஒரு வாசகர், சான் ஹோசே

அன்புள்ள நண்பருக்கு,

செல்லும். எஃப்ஏஏ (அமெரிக்க விமானத் துறை) கேட்கும் 40 மணி நேரத்தில் உங்கள் 22 அப்படியே சேரும், பறந்த நேரத்தைக் குறித்த லாக்புக்கைத் தொலைக்காமல் வைத்திருந்தால். எழுத்துத் தேர்வுதான் போச்சு, அதற்கு ஆயுள் 24 மாதம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பயிற்சியாளரோடு செய்யும் ஃப்ளைட் ரிவ்யூவும் காலாவதியாகியிருக்கும், முதலில் அதை முடியுங்கள்.

காகித வேலை இவ்வளவுதான். கண்தான் பிரச்சினை. ஆறு வருட இடைவெளிக்குப் பிறகு செஸ்னா 172 என்ற சின்ன விமானத்தில் நான் ஹூடை (வெளியே தெரியாமல் மறைக்கும் தலைக்கவசத்தை) மாட்டிக்கொண்டு உட்கார்ந்த அன்று, உயரம் 100 அடி குறைந்திருந்தது, அதைச் சரிசெய்ய உயரம் காட்டும் ஆல்டிமீட்டரையே முறைத்துக்கொண்டிருந்தேன், 100 அடி திரும்பி வந்தது, அதற்குள் ஹெடிங், அதாவது போகும் திசை, 20 பாகை ஓடிவிட்டது. பயிற்சியாளர் எதுவும் சொல்லவில்லை. பேனா முனையால் ஹெடிங் கருவியின் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டினார்.

காதும் ஏமாற்றும். ஒரே சீராக வலப்பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தால் சுமார் 20 நொடியில் உள்காதுத் திரவம் அடங்கிவிடும், நேராகப் போவதுபோலவே இருக்கும். இறக்கையைச் சமன்செய்ததும் இடப்பக்கம் சாய்கிற மாதிரி தோன்றும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே பார்க்க முடியாதபடி விமானம் ஓட்டவைத்துச் சோதித்தார்கள். அத்தனை பேருக்கும் விமானம் கைமீறிப் போனது, சராசரியாக 178 நொடியில். நமக்குப் பயிற்சி உண்டுதான், ஆனால் இத்தனை வருடம் விட்டவன் அந்த 20 பேருக்குப் பக்கத்து வீடு.

அதனால் முதல் மூன்று பாடத்துக்கு அப்ரோச் (கருவிகளைப் பார்த்தே ஓடுபாதையை நெருங்குவது) பக்கமே போகாதீர்கள். ஸ்டாக்டன் விமான நிலையத்தின் ஐஎல்எஸ்ஸை (ஓடுபாதைக்கு வழிகாட்டும் ரேடியோ அலையை) பிடித்துப் பார்க்கக் கை அரிக்கும், பரவாயில்லை. நேராகப் போவது, ஸ்டாண்டர்ட் ரேட் திருப்பம் (நொடிக்கு 3 பாகை), ஏறுவது, இறங்குவது, இவ்வளவே போதும். அதில் பாதியைச் சிமுலேட்டரில் செய்தால் காசும் மிச்சம், தப்பு நடந்த இடத்திலேயே நிறுத்திப் பேசவும் முடியும். அப்புறம் சார்ட்டை (வான்வழி வரைபடத்தை) புதிதாகப் படியுங்கள், நீங்கள் விட்ட பிறகு சில விஓஆர்களை, அதாவது வழிகாட்டும் ரேடியோ நிலையங்களை, மூடிவிட்டார்கள்.

கை கொஞ்சம் பழகியதும், கோடைக் காலையில் மாண்டரே பக்கம் கூட்டிப்போகச் சொல்லி பயிற்சியாளரைக் கேளுங்கள். கடலிலிருந்து வந்த மேகம் பெரும்பாலும் தாழ்வாகப் போர்த்திக் கிடக்கும், அதைத் தாண்டினால் மேலே வெயில். ஹூடை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.