மான்செஸ்டரைச் சாய்த்தது எது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்நியத் துணி புறக்கணிப்பு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் கோவையில் ஒரு நூற்பாலையில் ரிங் பிரேம் பகுதியில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரைத் ‘தென்னிந்தியாவின் மான்செஸ்டர்’ என்று சொல்லக் கேட்டே வளர்ந்தவன். அசல் மான்செஸ்டரைச் சாய்த்தது காந்திதான் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். அது எந்த அளவுக்கு உண்மை? அடுத்த மாதம் அங்கே போகிறேன். பார்ப்பதற்கு ஏதாவது மிஞ்சியிருக்கிறதா?

ம.

அன்புள்ள ம. அவர்களுக்கு,

புறக்கணிப்புக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் அது விழுந்த கடைசி அடிகளில் ஒன்று. 1913இல் பிரிட்டன் ஏறத்தாழ 700 கோடி கெஜம் பருத்தித் துணி ஏற்றுமதி செய்தது. அதில் சுமார் 300 கோடி கெஜம் இந்தியாவுக்கு வந்தது. 1930களின் இறுதியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. இடையில் நடந்தவற்றை வரிசையாகப் பாருங்கள். முதல் உலகப் போரில் கப்பல்கள் வராத நேரத்தில் பம்பாய், அகமதாபாத் ஆலைகளும் ஜப்பானும் சந்தையைப் பிடித்துக்கொண்டன. 1917இல் இந்தியாவில் துணிமீதான இறக்குமதி வரி 3.5 சதவீதத்திலிருந்து 7.5 ஆனது. இந்திய ஆலைத் துணிமீது 1896இல் போட்ட கலால் வரி 1926இல் ஒழிந்தது. அந்நியத் துணிக்கு எதிரான 1930இன் மறியல் இதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது.

சந்தை போனால் விலையைக் குறைத்துப் போட்டியிட வேண்டும். அது ஏன் முடியவில்லை என்பது ரிங் பிரேமில் நிற்கும் உங்களுக்கு மற்றவர்களைவிட எளிதாகப் புரியும்.

மான்செஸ்டரைச் சுற்றியுள்ள பருத்தி மாவட்டம் லங்காஷயர். அங்கே நூலை முறுக்கிச் சுற்றும் கதிர்களில் 1913இல் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு மியூல் என்ற பழைய வகை நூற்பு இயந்திரத்தின் கதிர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதிர்களைச் சுமந்த ஒரு நீள வண்டி தண்டவாளத்தில் சுமார் ஐந்தடி வெளியே வரும். வரும்போது நூல் இழுபட்டு முறுக்கேறும். பிறகு வண்டி உள்ளே திரும்பும்போது அந்த நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். அதாவது திரும்பும் நேரம் முழுக்க நூற்பு நடப்பதில்லை. உங்கள் ரிங்கில் முறுக்கும் சுற்றும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஆனால் வளையத்தில் ஓடி நூலை வழிநடத்தும் டிராவலர் என்ற சிறு கொக்கி இழுக்கும் இழுப்பை நூல் தாங்க வேண்டும். அதனால் அதே கவுண்டுக்கு, அதாவது அதே நூல் மென்மைக்கு, ரிங்கில் இன்னும் நீளமான இழை தேவை. மியூலில் மட்டமான பஞ்சே போதும். பக்கத்திலேயே லிவர்பூல் பஞ்சுச் சந்தை, வேண்டிய தரத்தைப் பொறுக்கி வாங்கலாம். பஞ்சு விலைதான் நூலின் பெரும் செலவு என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று பாபின், அதாவது நூல் சுற்றும் கட்டை. மியூல் நூல் வெறும் கதிரிலோ மெல்லிய காகிதக் குழலிலோ கண்டாகச் சுற்றப்படும். அப்படியே கழற்றி நாடாவுக்குள் வைத்து ஊடையாக ஓட்டலாம். ரிங் நூலுக்கு மரப் பாபின் வேண்டும். லங்காஷயரில் நூற்பு தெற்கே ஓல்டாம், போல்டனில். நெசவு வடக்கே பர்ன்லி, பிளாக்பர்னில். முதலாளிகளும் வேறு வேறு. ரிங்குக்கு மாறினால் நூலோடு மரத்துக்கும் வண்டிக்கூலி, காலிப் பாபின் திரும்பி வரவும் கூலி. அமெரிக்காவில் நூற்பும் தறியும் ஒரே ஆலைக்குள் இருந்ததால் இந்தச் செலவே இல்லை. வலுவான ரிங் நூலைக் கொண்டு அவர்கள் தானியங்கி நார்த்ராப் தறிகளை ஓட்டினார்கள். அவற்றில் ஒரு நெசவாளரே பல தறிகளைக் கவனிக்க முடியும். லங்காஷயரில் ஒரு நெசவாளருக்கு நான்கு தறிதான் வழக்கம்.

இதை முதலாளிகளின் மடமை என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு ஆலையின் தனிக் கணக்கிலும் மியூலே லாபம். தனித்தனி வேலையில் தனித்தனித் தேர்ச்சி என்பதுதான் அவர்களை உயர்த்தியது. ஒரே நேரத்தில் எல்லோரும் மாறினால்தான் மாற்றம் பலிக்கும், அப்படி மாற்றவைக்க அங்கே யாரும் இல்லை. போதாக்குறைக்கு 1919–20இன் விலையேற்றத்தில் பல ஆலைகள் வங்கிக் கடனில், எட்டாத விலைக்குக் கைமாறின. சந்தை சரிந்ததும் வட்டி கட்டவே வருமானம் சரியாகப் போயிற்று, புது இயந்திரத்துக்கு எங்கே போவது? 1959இல் அரசே இழப்பீடு கொடுத்து, இருந்த கதிர்களில் கிட்டத்தட்ட பாதியை உடைக்க வைத்தது.

இனி, பார்க்க வேண்டியவை. மான்செஸ்டர் நகரம் ஆலை ஊர் என்பதைவிட வணிக ஊர், கிடங்கு ஊர் என்பதே பொருத்தம். ஆகவே முதலில் பஞ்சு வணிகம் நடந்த கூடமான ராயல் எக்ஸ்சேஞ்சுக்குப் போங்கள். பஞ்சு வணிகம் 1968இல் நின்றது. 1976இல் அந்தக் கூடம் நாடக அரங்கானது. முழு அரங்கின் எடையைத் தரை தாங்காது என்பதால், எஃகும் கண்ணாடியுமான எழுகோண அரங்கைக் கூடத்தின் பெருந்தூண்களிலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் பழைய ஆலைப் பகுதியான ஆன்கோட்ஸ். ராச்டேல் கால்வாய்க் கரையில் 1798இல் எழுந்த மரே ஆலை இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு, வெளியிலிருந்து பார்க்கலாம். துறைமுகம் 1982இல் மூடப்பட்டது, சால்ஃபர்டில் அதன் கரையில் இன்று பிபிசி இயங்குகிறது.

மியூல் ஓடுவதைப் பார்க்க, நகருக்குத் தெற்கே ஸ்டையாலில் உள்ள குவாரி பேங்க் ஆலைக்குச் செல்லுங்கள். இயந்திரம் ஓட்டும் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்சில் அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள். கடைசி நாள் வணிகத்தின் விலைப்பலகையை இன்னும் இறக்கவில்லை.

அன்புடன்