குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது யாரால்?

குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது போராட்டத்தாலா, தில்லியின் முடிவாலா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாலும்தான், ஆனால் போராட்டம் இல்லாமல் தில்லி அசைந்திருக்காது என்பது என் கணிப்பு. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கோரி மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய கிளர்ச்சியில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டதில் பலர் இறந்தனர். அதற்காகத் தம் பிரஜா சோஷலிஸ்ட் கட்சியைச் சேர்ந்த அம்மாநில முதல்வர் பட்டம் தாணுப்பிள்ளையையே பதவி விலகச் சொன்னார் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியா. பின்னர், மாநில மறுசீரமைப்பின்படி 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் (‘தமிழ்நாடு’ என்ற பெயர் அப்போது வரவில்லை) சேர்ந்தன. போராட்டக்காரர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றுவிட்டன. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளின் பெட்டிகளில் திருவிதாங்கூர் அரசின் சங்கு முத்திரையிட்ட மலையாளப் பத்திரங்கள் இன்றும் உண்டு. அவற்றைப் படித்துச் சொல்லத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது.