மொழியியல் படிக்க விரும்பும் மகளும் பேசும் கணினியும்

அன்புள்ள ஐயா,

உங்கள் மகள் மொழியியல் படிக்க விரும்புவதையும், அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு எந்த வேலைக்குப் போவாள் என்று நீங்கள் கலங்குவதையும் கடிதத்தில் அறிந்தேன். எழுத்தைப் பேச்சாக மாற்றும் கணினித் துறை பொறியாளர்களுக்கு மட்டுமே உரியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் ஏற்கவில்லை.

ஒரு வரியைக் கொடுத்தவுடன் கணினி அதை ஒலித்துவிட முடியாது. எண்களையும் சுருக்கங்களையும் முதலில் வாயால் சொல்லும் சொற்களாக விரிக்க வேண்டும். 5.30 என்பது நேரமானால் 'ஐந்தரை'. அளவானால் 'ஐந்து புள்ளி மூன்று பூஜ்யம்'. பிறகு எழுத்துக்கு உரிய ஒலியைத் தேர வேண்டும். தமிழில் ககரம் ஒன்றுதான் என்றாலும், 'கடல்', 'தங்கம்', 'பகல்' ஆகிய மூன்றிலும் அது வெவ்வேறாக ஒலிக்கிறது. இதற்காவது இடத்தைப் பொறுத்த விதி உண்டு; 'பாவம்' என்ற சொல் தீவினையைக் குறிக்கிறதா, நடனத்தில் முகம் காட்டும் உணர்ச்சியைக் குறிக்கிறதா என்பதைப் பொருள் தெரிந்தால்தான் சொல்ல முடியும், அதற்கேற்ப முதல் ஒலியே மாறிவிடும். எங்கே நிறுத்துவது, எங்கே குரலை ஏற்றுவது என்பவை இன்னும் கடினம்.

கடைசிக் கட்டம் ஒலியை உருவாக்குவது. முன்பு பதிவுசெய்த குரலைத் துண்டுகளாக்கி ஒட்டும் முறை பரவலாக இருந்தது. 2016-இல் வெளியான வேவ்நெட் என்ற குரல் உருவாக்கும் கணினி முறை, நொடிக்கு 16,000 ஒலி மதிப்புகளை ஒவ்வொன்றாகக் கணித்துக் குரலை உருவாக்கிக் காட்டியது; அதன்பின் இவ்வாறு பதிவுகளிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் நரம்பியல் வலைப்பின்னல் முறைகளே மேலோங்கின.

உச்சரிப்பையும் இயந்திரமே கற்றுக்கொள்ளும்போது மொழி அறிந்தவர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். பயிற்சித் தரவு குறைவாக உள்ள மொழிகளில் பெயர்களிலும் கடன்சொற்களிலும் அது தவறுகிறது. அந்தத் தவறு எந்தக் கட்டத்தில் நேர்ந்தது என்று கண்டறிய ஒலியியல் தெரிந்த ஒருவர் வேண்டும். ஆனாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: மொழியியல் பட்டம் மட்டும் போதாது. பட்டப்படிப்புக் காலத்திலேயே பைத்தான் நிரல்மொழியையும் அடிப்படைப் புள்ளியியலையும் அவள் கற்றாக வேண்டும். பதிவுகளுக்குக் குறிப்பு எழுதும் வேலையோடு நின்றுவிடுபவர்களுக்கு வளர்ச்சி குறைவு.

சேர்க்கைக்கு முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பேச்சொலியை ஆராய உதவும் பிராட் (Praat) என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. மேலே சொன்ன 'கடல்', 'தங்கம்', 'பகல்' என்ற மூன்று சொற்களையும் அவள் தன் குரலில் பதிவுசெய்து, ஒலியைத் திரையில் படமாகக் காட்டும் ஒலிப்படங்களை அதில் ஒப்பிடட்டும். நீங்கள் அழைத்தும் எழுந்து வராமல் நான்காவது சொல்லைத் தேடிக்கொண்டிருந்தாளானால், விண்ணப்பத்தை நிரப்பிவிடுங்கள்.