பேரன் எடுத்த சித்தாள்

கேள்வி: சம வேலைக்குச் சமச் சம்பளம் என்று சட்டமே இருக்கிறது. அப்புறம் ஏன் கட்டட வேலையில் சித்தாளுக்கு மட்டும் கூலி குறைவு?
– ஒரு வாசகி, பெருந்துறை

பதில்: 'சித்தாள்' என்றா எழுதினீர்கள், போச்சு. 'சிற்றாள்' என்பதே சரி என்று சேலத்துப் புலவர் ஒருவர் எனக்கு இதுவரை மூன்று அஞ்சலட்டை போட்டிருக்கிறார். சிறு ஆள், சிற்றாள். இலக்கணம் அவர் பக்கம்தான், எனக்கு உறுத்துவது அந்தச் 'சிறு'. எங்கள் வீட்டு மாடி எழும்பும்போது கலவைச் சட்டியைச் சும்மாட்டில் வைத்துச் சாரம் ஏறிய அம்மா பேரன் எடுத்தவர். கூடவே செங்கல் தூக்கிய பையனுக்கு அப்போதுதான் மீசை அரும்பு. அவனுக்குப் பெயர் பெரியாள்! இரண்டு வருஷம் கழித்துச் சுற்றுச்சுவர் வைக்க வந்தார்கள். பையன் கையில் கரணை, கொத்தனார் ஆகிவிட்டான். அந்த அம்மா அதே சட்டி, அதே சித்தாள். கரணை அவர் கைக்கும் வரும், சாயங்காலம் கழுவி வைக்க.

சட்டமா? 1976-ல் வந்த சம ஊதியச் சட்டம் 'ஒரே வேலை அல்லது அதே மாதிரியான வேலை' என்றது. (2019-ல் அதை ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் சேர்த்துவிட்டார்கள்.) அதற்கு முதலாளி கண்ட வழி, வேலைக்கு வேறு பெயர் வைப்பது. மெக்கின்னன் மெக்கன்சி கம்பெனியில் ஆட்ரி டி கோஸ்டா என்ற ஸ்டெனோ, ஆண் ஸ்டெனோக்களைவிடத் தனக்குச் சம்பளம் குறைவு என்று வழக்குப் போட்டார். அவர் 'ரகசிய லேடி ஸ்டெனோ', பெரிய அதிகாரிகளோடு இருப்பவர், அது வேறு வேலை என்றது கம்பெனி. ரகசியத்தைக் காப்பவருக்குச் சம்பளம் குறைவாம்! எங்கள் ஆபீஸில் ரகசியம் தெரிந்தவரிடம் முதலாளியே கொஞ்சம் பம்முவார். கையில் காசில்லை என்றும் கம்பெனி சொல்லிப் பார்த்தது. அதைச் சாக்காக வைத்து ஒரு தரப்புக்கு மட்டும் குறைக்க முடியாது என்று 1987-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அவருக்காவது 'லேடி' என்ற ஒட்டு. அதைப் பிய்த்துப் போட்டால் உள்ளே அதே ஸ்டெனோ. சித்தாளில் எதைப் பிய்ப்பது? சிறுமை சொல்லுக்குள்ளேயே கலந்து கிடக்கிறது. பெரியாள் தூக்குவதும் செங்கல், சித்தாள் தூக்குவதும் செங்கல், சனிக்கிழமை மேஸ்திரி எண்ணி வைக்கும் நோட்டு மட்டும் வேறு.

புலவர் இந்தப் பதிலில் எத்தனை 'சித்தாள்' என்று எண்ணிக்கொண்டிருப்பார். நாலாவது அட்டையில் 'பெரியாள்' பற்றியும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்.